ஜெட் படகில் இறுகிப்போன ஸ்டீயரிங் கேபிள்: கிரீஸ் ஏற்றலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

14 ஜனவரி 2024, கேள்வி

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கிறேன். சென்ற ஆண்டு பழைய அலுமினிய ஜெட் படகு ஒன்றை வாங்கினேன். குளிர்காலம் முழுவதும் தார்ப்பாய் போர்த்திக் கொல்லையில் நின்றது. இப்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் கொஞ்சம் அசைகிறது. வலப்பக்கம் இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாலும் நகர மறுக்கிறது. இந்தப் படகு கடலையே பார்த்ததில்லை. வைமகாரிரி ஆற்றில் மட்டும்தான் ஓடியிருக்கிறது. உப்பு படாத கேபிள் துருப்பிடிக்காது என்பது என் எண்ணம். கேபிளின் மேலுறையில் சிறு துளையிட்டு, நிப்பிள் பொருத்தி, கிரீஸ் கன்னால் அழுத்தி ஏற்றினால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். புதுக் கேபிளின் விலையைப் பார்த்தால் அவர் சொல்வதே நியாயமாகப் படுகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லவும்.

14 ஜனவரி 2024, இரவு

துளையிட வேண்டாம். முதலில் எது இறுகியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஸ்டீயரிங் திரும்பவில்லை என்றால் கேபிள்தான் காரணம் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் மூன்று இடங்கள் இருக்கின்றன: சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஹெல்ம் என்ற பல்சக்கரப் பெட்டி, அதிலிருந்து பின்புறம் வரை ஓடும் கேபிள், நீரைப் பீய்ச்சும் நாசில் திரும்புகிற சுழல் ஊசிகள். இந்த மூன்றில் எது இறுகினாலும் கைக்குத் தெரிவது ஒரே மாதிரியான பிடிவாதம்தான்.

பின்புறம் போய், கேபிளின் நுனியை நாசிலோடு சேர்க்கும் பந்து மூட்டைக் கழற்றுங்கள். பிறகு நாசிலைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். ஒரு கையால் தள்ளினால் சிக்கலின்றிப் போய் வர வேண்டும். போகவில்லை என்றால் சுழல் ஊசிகளில் மணலோ அரிப்போ சேர்ந்திருக்கிறது; கேபிள் வாங்கும் செலவு உங்களுக்கு மிச்சம். நாசில் தாராளமாக ஆடினால், திரும்பிச் சென்று சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் திரும்பவில்லை என்றால் கேபிளையும் ஹெல்மையும் பிரித்து, ஹெல்ம் மட்டும் சுழல்கிறதா என்று பாருங்கள். கேபிளைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான் வரும்.

இது முடியும் வரை படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். இடப்பக்கம் திரும்புகிறதே என்ற தைரியத்திலும் இறக்க வேண்டாம். ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீறிடும் தண்ணீரைத் திருப்பினால்தான் படகு திரும்பும். ஆபத்து வந்தால் எந்த மனிதனும் இயல்பாகச் செய்வது, எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை விடுவது. இந்தப் படகில் த்ராட்டிலை விட்டால் பீய்ச்சல் நின்றுபோகும், மிச்சமிருக்கும் திருப்பமும் அதோடு போய்விடும். கேபிளும் இறுகி, பதற்றத்தில் த்ராட்டிலையும் விட்டால், பாறை எங்கே இருக்கிறதோ அங்கே படகு போகும்.

16 ஜனவரி 2024

நாசில் விரலால் தள்ளினாலே போகிறது, ஹெல்மும் தனியாகச் சுழல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, கேபிள்தான்.

இனி உங்கள் நண்பரின் கிரீஸ் கன்னுக்கு வருகிறேன். கேபிள் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோமே தவிர, உள்ளே அது ஓர் அடுக்கு. வெளியே பிளாஸ்டிக் மேலுறை. அதற்குள் நீளவாக்கில் சுற்றிவர எஃகுக் கம்பிகள், தள்ளும்போதும் இழுக்கும்போதும் உறை சுருங்காமல் இருப்பதற்காக. அதற்குள் வழுவழுப்பான ஒரு பிளாஸ்டிக் குழல். அந்தக் குழலுக்குள்தான் நடுக்கம்பி ஓடுகிறது. உங்கள் படகில் இருப்பதுபோன்ற சுழல் ஹெல்மாக இருந்தால், நடுக்கம்பியின் மேல் இன்னொரு கம்பி திருகுபோலச் சுற்றப்பட்டிருக்கும். ஹெல்மின் பற்கள் அந்தச் சுற்றுகளைக் கவ்வித்தான் கம்பியை முன்னும் பின்னும் ஓட்டுகின்றன. பின்முனையில் இந்த நடுக்கம்பி ஒரு ஸ்டெயின்லெஸ் தண்டோடு சேர்ந்து, ஒரு குழாய்க்குள் வழுக்கிப் போய் வருகிறது.

கம்பிக்கும் குழலுக்கும் இடையில் இருக்கும் வெளி நூலளவுதான். தொழிற்சாலையிலேயே அதில் மசகு தடவி அடைத்துவிடுகிறார்கள். நீங்கள் நடுவில் துளையிட்டு அழுத்தும் கிரீஸ், இருபுறமும் அழகாகப் பரவிப் பல மீட்டர் ஓடாது. துருத்தூளை முன்னால் தள்ளிக்கொண்டு போய், அடுத்த வளைவில் ஒரு கட்டியாக நிற்கும். இன்று கொஞ்சம் இளகியதுபோலத் தோன்றும். ஊசிப்போன சாம்பாரை மறுபடியும் தாளிப்பதுபோலத்தான். வாசனை வரும், சாப்பிட முடியாது. அதோடு, இதுவரை தண்ணீர் நுழைய ஒரு வாசல் இருந்த இடத்தில் இரண்டு வாசலாகிவிடும். வெப்பக் காற்று அடித்து இளக்கலாம் என்று யாரேனும் சொன்னால் அதையும் கேட்க வேண்டாம், உள்குழல் பிளாஸ்டிக்.

உப்பு இல்லையே என்ற வாதமும் நிற்காது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு அதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். துருவானது, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். நூலளவு இடைவெளி உள்ள குழலுக்குள் கம்பி பருத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல், நாம் ஓட்டுகிற ஆறுகளைப் பாருங்கள். வைமகாரிரியும் ரகாயாவும் ரங்கிட்டாட்டாவும் தென் ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து இறங்குகின்றன. பனிப்பாறைகள் அரைத்த கல்மாவுதான் அவற்றில் கலங்கல் நாட்களில் சாம்பல் நிறமாக ஓடுகிறது. அந்த மாவு தண்டின் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு குழாய்க்குள் போய்விடும். உப்பில்லாத தண்ணீர்தான், ஆனால் உப்புத்தாள் கலந்த தண்ணீர்.

16 ஜனவரி 2024, சற்றுப் பின்

ஒன்றை விட்டுவிட்டேன். கழற்றுவதற்கு முன் கேபிள் போகும் வழியை, முன்னிருந்து பின்வரை, ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு கிளிப்பும் தெரியும்படி கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு எல்லா வழியும் சரியான வழியாகவே தோன்றும்.

19 ஜனவரி 2024

நீளம் பற்றிய கேள்வி. கேபிளின் மேலுறையிலேயே, பெரும்பாலும் ஹெல்ம் பக்க முனைக்கு அருகில், உதிரி எண்ணும் நீளமும் அச்சிட்டிருக்கும். பல ஆண்டுக் கிரீஸும் அழுக்கும் அதன் மேல் படிந்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெல்லத் துடையுங்கள். கம்பித் தேய்ப்பானைப் பயன்படுத்தினால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும். அந்த எண்ணைக் கடைக்காரரிடம் கொடுத்தால் போதும். எண் அழிந்திருந்தால் டேப்பை வைத்து அளந்து நீங்களாக ஒரு நீளத்தைச் சொல்ல வேண்டாம். அச்சிட்ட நீளம் என்பது நுனிக்கு நுனி உள்ள நீளமன்று. எங்கிருந்து எங்கே அளப்பது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், ஹெல்மின் வகைக்கு வகை மாறுபடும். பழைய கேபிளையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பாம்பைச் சுருட்டித் தோளில் மாட்டியதுபோல அதைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைக் கடைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

கடையில் இன்னொரு கவனமும் தேவை. படகின் பின்சுவருக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கான கேபிளும் ஜெட்டுக்கான கேபிளும் முன்முனையில் ஒன்றுபோலவே இருக்கலாம். பின்முனை வேறு. அவுட்போர்டு கேபிளின் தண்டு நீளமானது, எஞ்சினைத் தூக்கும் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வரும்படி செய்யப்பட்டது. ஜெட் கேபிளில் பின்சுவரில் பூட்டுவதற்கான மரையும், அதற்கேற்ற குட்டையான தண்டும் இருக்கும். தண்டு போய்வரும் தூரமும் நாசிலுக்குப் பொருந்த வேண்டும். விலை குறைவு என்று மற்றதை வாங்கி வெட்டி ஒட்டும் எண்ணம் வந்தால், நீங்கள் வெட்டுவது உங்கள் ஒரே திருப்புக் கருவியை என்று நினைவில் வையுங்கள்.

இருந்த நீளத்தையே வாங்குவதற்கு முன், அந்த நீளம் சரியானதுதானா என்றும் பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். குட்டையாக இருந்தால் ஏதோ ஓர் இடத்தில் கேபிள் முறுக்கி வளைந்திருக்கும். ஸ்டீயரிங் கேபிளின் வளைவு பொதுவாக 20 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது என்பார்கள். அதாவது, வளைவை ஒரு முழு வட்டமாக நீட்டினால் அது பெரிய தாம்பாளத்தின் அகலமாவது இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் எங்கோ ஓரிடத்தில் தொய்ந்து கிடக்கும். தொய்வு எவ்வளவு மோசம் என்பதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

20 ஜனவரி 2024

“இவ்வளவு முக்கியமான வேலையை ஒற்றைக் கம்பியிடம் ஒப்படைத்தவர் யார்” என்று மற்றொருவர் கேட்டிருக்கிறார். கேலியாகக் கேட்டாலும் அதற்கு நேரான விடை உண்டு. மெக்கன்சி பகுதியில் ஐரிஷ்மேன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையை நடத்திய பில் ஹாமில்டன். 1950களில், அங்குள்ள ஆழமில்லாத ஆறுகளில் எதிர்நீச்சலில் ஏறும் படகு வேண்டும் என்று அவர் முயன்றார். அடியில் ப்ரொப்பெல்லரோ சுக்கானோ தொங்கினால் கூழாங்கல் திட்டில் மாட்டிக்கொள்ளும். பீய்ச்சும் வாயை அடியிலிருந்து பின்சுவர் வழியாக நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்த பிறகுதான் படகு உண்மையில் வேகமெடுத்தது. 1960இல் அவருடைய ஜெட் படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக எதிரோட்டத்தில் ஏறின. 1977இல் எட்மண்ட் ஹிலாரி கங்கையின் முகத்துவாரத்திலிருந்து இமயமலை வரை போனதும் ஜெட் படகுகளில்தான். நந்தப்பிரயாகை அருகே அருவி ஒன்று குறுக்கிட்டதால் அதற்குமேல் படகில் போக முடியவில்லை.

அடியில் எதுவும் தொங்கக் கூடாது என்று முடிவு செய்தால் திருப்பும் வேலை முழுவதும் அந்தப் பீய்ச்சும் வாய்க்கு வந்து சேரும். ஒரு கையளவு தண்ணீரில் போகும் சுகத்துக்குக் கொடுக்கிற விலை இந்தக் கேபிள். அதைச் சரியாக வைத்துக்கொள்வது அப்படியொன்றும் அநியாயமான விலையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

24 ஜனவரி 2024

கேபிள் வந்துவிட்டது என்கிறீர்கள். இதுதான் நீண்ட குறிப்பு; தேநீர் போட்டுக்கொண்டு படியுங்கள்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து வைத்து, பெட்ரோல் ஆவி வெளியேறக் காத்திருங்கள். பின்புறத்திலிருந்து தொடங்குவது என் வழக்கம், ஏனென்றால் வம்பு செய்யும் நட் அங்கேதான் இருக்கிறது. கேபிள் பின்சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஒரு பெரிய நட்டும், அதற்கு மேல் தண்டை மூடும் துருத்திபோன்ற ரப்பர் உறையும் இருக்கும். உறையைக் கழற்றும் முன் அதன் மடிப்புகளை விரலால் விரித்து, கைவிளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மடிப்பின் பள்ளத்தில்தான் விரிசல் இருக்கும். நீட்டாமல் பார்த்தால் தெரியாது. என் படகில் உறை பார்வைக்கு முழுசாக இருந்தது, விரித்தபோது இரண்டு மடிப்புகளுக்கிடையில் பாதிச் சுற்றுக்குப் பிளந்திருந்தது. உள்ளே ஈரமான சாம்பல் நிறச் சேறு, பல் துலக்கும் பசைபோல, விரலில் நறநறவென்று.

நட்டில் ஊடுருவும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். அலுமினியச் சுவரும் ஸ்டெயின்லெஸ் நட்டும் ஈரத்தில் ஒட்டி உறவாடினால் அரிக்கப்படுவது அலுமினியம். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அதுதான். ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டித் திருகுவதற்கு முன், உள்பக்கம் ஒருவர் கேபிளின் மரைப்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து முழு அமைப்பும் திரும்பி, சுவரின் துளை முட்டை வடிவமாகிவிடும். பிறகு அதை அடைக்கத் தனி வேலை.

முன்பக்கம் எளிது. சுழல் ஹெல்மில் கேபிளைப் பிடித்திருக்கும் பூட்டுக் கிளிப்பை விடுவித்து, நடுக்கம்பி முழுவதும் வெளியே வரும் வரை சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இறுகிய கேபிளில் சக்கரமே திரும்பாதே என்று கேட்பீர்கள். ஹெல்மை டாஷ்போர்டிலிருந்து கழற்றி முன்னால் இழுத்துக்கொண்டு, கேபிளை அறுத்துவிடலாம். கழற்றப்போகும் கேபிளுக்கு மரியாதை தேவையில்லை. அறுத்த பின் ஹெல்முக்குள் நிற்கும் துண்டைச் சக்கரத்தைத் திருப்பி வெளியே தள்ளிவிடலாம். ஆனால் கேபிளை உருவி எடுப்பதற்கு முன் அதன் அறுத்த முனையில் நல்ல நைலான் கயிறு ஒன்றைக் கட்டுங்கள். பழையது பின்னால் போகப் போகக் கயிறு அதன் வழியில் நிற்கும். புதியதை அதே கயிறு கொண்டுவரும். கயிறு கட்டாமல் உருவியவர்கள் தரைத்தகட்டுக்கு அடியில் கம்பியை விட்டுத் துழாவி ஒரு சனிக்கிழமையைக் கழித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முடிச்சைவிட முக்கியம் முடிச்சின் பருமன். கயிற்றையும் முனையையும் சேர்த்துக் கேரட்போலக் கூம்பாக டேப் சுற்றுங்கள். எந்தத் திசையில் இழுப்பது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். புதுக் கேபிளின் இரு முனைகளில் பருத்த முனை எது என்று பாருங்கள். அது வழிக்குழாய்க்குள் நுழையாவிட்டால் மெலிந்த முனையைத்தான் முன்னால் விட வேண்டும்.

24 ஜனவரி 2024, தொடர்ச்சி

இழுக்கும்போது ஒருவர் இழுக்க, ஒருவர் ஊட்ட வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம், உறையைப் பிடியுங்கள். தண்டு சற்று வளைந்தாலும் புதிய கேபிள் அன்றே பழையதாகிவிடும். தரையில் நேராக விரித்துவிட்டு ஊட்டினால் முறுக்கு ஏறாது.

27 ஜனவரி 2024

தொய்வு பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீங்கள் கழற்றிய கேபிளை நீளவாக்கில் கீறிப் பார்த்துப் படம் போட்டது நல்லதாகப் போயிற்று. 16ஆம் தேதி நான் எழுதியதைப் படித்தவர்கள், துரு பின்முனையில்தான் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். உங்கள் படத்தில் பின்முனையிலிருந்து ஒரு கை நீளத்துக்கு லேசான பழுப்புதான். எஞ்சினுக்குப் பக்கவாட்டில், கிளிப் ஒன்று உடைந்து கேபிள் தாழ்ந்து தொங்கிய இடத்தில்தான் கம்பி செங்கல் நிறத்தில் உப்பியிருக்கிறது, உள்குழல் பிளந்திருக்கிறது.

தண்ணீர் நுழைவது ஓரிடம், தங்குவது இன்னோரிடம். கிழிந்த ரப்பர் உறை வழியாக வந்தது குழலுக்குள் கசிந்து, தாழ்வான இடத்தில் குட்டையாக நின்றுவிட்டது. ஓட்டும் காலத்தில் கம்பி போய் வந்துகொண்டிருந்ததால் துரு பிடிக்கப் பிடிக்கத் தேய்ந்துகொண்டே இருந்திருக்கும். குளிர்காலத்தில் அசையாமல் நின்ற சில மாதங்களில் அது கெட்டிப்பட்டுவிட்டது. தார்ப்பாய் மழையைத் தடுத்ததே தவிர, உள்ளே ஏற்கெனவே நின்ற தண்ணீரை என்ன செய்யும்? இடப்பக்கம் கொஞ்சம் அசைந்து வலப்பக்கம் அசையாமல் இருந்ததற்கும் அந்த உப்பிய பகுதியே விளக்கம் என்று நினைக்கிறேன்: ஒரு திசையில் அது குழலின் அகன்ற பிளவுக்குள் போகிறது, மறுதிசையில் பிளக்காத பகுதியின் வாயில் முட்டுகிறது.

ஆகவே புதுக் கேபிளை மாட்டிவிட்டு, உடைந்த கிளிப்பையும் கிழிந்த உறையையும் அப்படியே விட்டால், அடுத்த குளிர்காலம் முடிந்ததும் இதே கேள்வியோடு இங்கே வருவீர்கள். கேபிளை மாற்றுவது பாதி வேலை. அது ஏன் செத்தது என்று பார்த்து அந்த வழியை அடைப்பது மறுபாதி. கேபிளின் வழியைப் பின்முனைக்குத் தொடர்ந்து சரிந்து இறங்கும்படி அமைக்க முடிந்தால் மிக நல்லது. எல்லாப் படகிலும் அது முடியாது. குறைந்தபட்சம் நடுவில் வயிறு தொங்காமல் கிளிப் போடுங்கள். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

28 ஜனவரி 2024

சிலர் கேட்பதால்: ஆம், எனக்கும் ஆற்றில் வைத்து இறுகியிருக்கிறது. ரகாயாவில், ஆறு சடை சடையாகப் பிரியும் பகுதியில். அன்று காலை முதலே சக்கரம் வலப்பக்கம் கனமாக இருந்தது. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பும்போது, பாதித் திருப்பத்தில் நின்றுவிட்டது. எதிரே கூழாங்கல் திட்டு. த்ராட்டிலை விடவில்லை என்பதால் அந்தப் பாதித் திருப்பமாவது மிஞ்சியது. படகு திட்டின் ஓரத்தில் சாய்வாக ஏறி, கரகரவென்று தேய்ந்து நின்றது. அடித்தகட்டில் கீறல்கள், ஒரு பக்கம் சிறு நெளிவு. என்னோடு வந்த மைத்துனர் இறங்கி நின்று, “மாமா, இதுதான் ஹாமில்டன் திருப்பமா?” என்று கேட்டார். இடத்திலேயே படகை முழுவட்டம் சுழற்றும் வித்தைக்கு இங்கே அந்தப் பெயர். நான் காட்டியது கால்வட்டம்.

அதிலிருந்து எனக்கு ஒரு விதி: சக்கரம் கனக்கிறது என்று கை சொன்னால் அன்றே பந்து மூட்டைக் கழற்றிப் பார்ப்பது. கேபிள் திடீரென்று சாவதில்லை. முதலில் குளிர்ந்த காலையில் கனக்கும், ஓட்ட ஓட்ட இளகிவிடும். இளகிவிட்டதே என்று நாம் மறந்துவிடுவோம்.

2 பிப்ரவரி 2024

கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்குக்கு மாறிவிடலாமா என்ற கேள்வி. இதில் எனக்கு இரண்டு மனம்.

அதில் துருப்பிடிக்கும் நடுக்கம்பி இல்லை, வளைவுகளைப் பற்றிக் கவலை குறைவு, ஸ்டீயரிங் மென்மை. பெரிய படகுகளில் அதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் சிறிய ஆற்று ஜெட்டில், ப்ரொப்பெல்லர் ஒரு பக்கமாக இழுக்கும் விசையே கிடையாது. ஸ்டீயரிங்கில் சுமை குறைவு. கேபிளே போதும். அதோடு, ஹைட்ராலிக்கில் கோளாறு வேறு முகத்தில் வரும்: ஹோஸ் கசியும், காற்று புகுந்தால் சக்கரம் பஞ்சுபோலத் திரும்பும், காற்றை வெளியேற்றும் வேலையைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். கேபிளின் நல்ல குணம், கெட்டுப்போவதை அது கைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கேட்காமல் இருப்பது நம் குற்றம்.

இதை எழுதிவிட்டு மறுபடியும் யோசித்தேன். கூட்டமாக ஆட்களை ஏற்றி ஓட்டுபவர் என்றால் என் விடை வேறாக இருக்கும். நியூசிலாந்தில் ஆறுகளில் பயணிகளை ஏற்றும் வணிக ஜெட் படகுகளுக்குக் கடல்சார் விதிகளில் தனிப் பகுதியே, 82ஆம் பகுதி, இருக்கிறது. அவர்கள் நம்மைப்போலத் தங்கள் விருப்பப்படி எதையும் கழற்றி மாட்டிவிட முடியாது. உங்களுடையது குடும்பப் படகு. கேபிளே இருக்கட்டும்.

ஹெல்மையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேபிள் இல்லாமல் தனியாகச் சுழற்றும்போது ஓரிடத்தில் தட்டுகிறதா, சக்கரத்தில் வெற்று ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இறுகிய கேபிளோடு இரண்டு கைகளாலும் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். அந்த விசையை எல்லாம் தாங்கியவை அந்தப் பற்கள். சந்தேகம் இருந்தால் மாற்றுங்கள். சந்தேகமே இல்லை என்றால், மூடியைத் திறந்து பற்களைப் பார்த்த பிறகும் அதையே சொல்கிறீர்களா என்று பாருங்கள்.

5 பிப்ரவரி 2024

மாட்டுவது பற்றி. பின்சுவரில் பூட்டும்போது அலுமினியத்துக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் நடுவில் அரிப்புத் தடுக்கும் பசை தடவுங்கள். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலின் கிரீஸும் நன்றாகவே வேலை செய்கிறது, ஆடு வளர்க்கும் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. நீர் புகாமல் அடைக்கும் சீலன்டை அளவாகப் போடுங்கள். நிரந்தரமாக ஒட்டும் வகையை அங்கே பயன்படுத்த வேண்டாம்; அடுத்த முறை கழற்றப்போவதும் நீங்கள்தான். நைலான் பூட்டு உள்ள நட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். பழைய ரப்பர் உறையை, நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், திரும்பப் போட வேண்டாம்.

நேர்ப்படுத்துவது: சக்கரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பி, மொத்தச் சுற்றில் பாதியில் நிறுத்துங்கள். நாசிலைப் படகின் நடுக்கோட்டுக்கு நேராக வையுங்கள். இந்த இரண்டும் சேரும்படி பந்து மூட்டைத் தண்டின் மரையில் ஏற்றியோ இறக்கியோ சரிசெய்யுங்கள். சரிசெய்வதற்காக மூட்டை மரையின் நுனிக்கே கொண்டுவந்து, இரண்டு சுற்றில் தொங்கவிடுவது தற்கொலை. அந்த நிலை வந்தால் கேபிளின் நீளமோ பூட்டிய இடமோ தவறு. பிறகு இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்: நாசில் இருபுறமும் சமமாகத் திரும்புகிறதா, தண்டு எங்கேனும் முட்டி வளைகிறதா, ரப்பர் உறை முழுதாக நீளும்போது இறுகிப் பிய்ந்துபோகிறதா, பின்னோக்கிச் செல்வதற்காகப் பீய்ச்சலை முன்பக்கம் திருப்பிவிடும் பக்கெட் இறங்கியிருக்கும்போது எதிலும் உரசுகிறதா. பக்கெட்டை இறக்கி வைத்துப் பார்ப்பதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள்.

இந்தச் சோதனை முழுவதும் எஞ்சினை அணைத்து, டிரெய்லரில் வைத்தே செய்ய வேண்டியது. தண்ணீரில்லாமல் ஜெட்டை ஓட்ட வேண்டாம்.

முதல் ஓட்டத்தை ஆற்றில் வைத்துக்கொள்ளாமல் ஏரியில் வைத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து 200 மீட்டருக்குள் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகம் என்ற பொது விதி எப்படியும் உங்களை மெதுவாகவே வைத்திருக்கும். அந்தத் தூரத்திலேயே இருபுறமும் திருப்பிப் பார்த்துவிடலாம். எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்ளுங்கள். வேகம் கூட்டிய பின் சக்கரத்தை லேசாக விட்டால் படகு ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பார்த்து, கரைக்கு வந்து மரையை ஒரு சுற்றுத் திருத்துங்கள்.

18 பிப்ரவரி 2024

ஒற்றை விரலால் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிரீஸ் கன் வைத்திருக்கும் நண்பருக்கும் வேலை கொடுக்கிறேன். கிரீஸுக்கு இடம் உண்டு, கேபிளுக்கு வெளியே: பந்து மூட்டு, நாசிலின் சுழல் ஊசிகள், தண்டின் மேற்பரப்பு. தண்டை முழுதாக வெளியே நீட்டி, பழைய கிரீஸையும் மணலையும் சுத்தமாகத் துடைத்த பிறகே புதியதைத் தடவ வேண்டும். துடைக்காமல் தடவினால் கல்மாவை நாமே உள்ளே ஊட்டுகிறோம். நீண்ட காலம் நிறுத்தும்போது தண்டு உள்ளே இழுத்த நிலையில் இருக்கட்டும். வெளியே நின்றால் அதன் மேல் படிவதெல்லாம் வசந்தத்தில் முதல் திருப்பத்தோடு குழாய்க்குள் போகும். குளிர்காலத்திலும் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் சக்கரத்தை இருபுறமும் ஒருமுறை முழுதாகத் திருப்பிவிட்டு, திரும்ப உள்ளிழுத்த நிலையில் விடுங்கள்.

3 மார்ச் 2024

பக்கெட்டின் கேபிளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அதுவும் அதே பின்சுவரைத் துளைத்து, அதே சேற்றுத் தண்ணீரில், அதே வயதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்துவதற்கும் பின்னால் போவதற்கும் உங்களுக்கு அதுதான். அதன் ரப்பர் உறையின் மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள், பக்கெட் பக்க இணைப்பைக் கழற்றிவிட்டு நெம்புகோலைத் தள்ளிப் பாருங்கள். கனமாக இருந்தால் இந்தப் பருவம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே எஞ்சின் மூடியும் கிளிப்புகளும் கழன்றிருக்கும் நாளிலேயே இதையும் செய்திருந்தால் கூலி பாதியாகியிருக்கும் என்று இப்போது சொல்வதில் பயனில்லை. அடுத்து ஸ்டீயரிங் கேபிளைக் கழற்றப்போகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக ஆர்டர் செய்யுங்கள்.